டாக்டர் வீட்டுத் தவிடு

19 ஜனவரி 1967, வியாழன்

பொங்கலுக்குப் பிறகு இன்றுதான் வெயில் ஒழுங்காக அடித்தது. மணலில் காயப்போட்ட காரல் மீன் மத்தியானத்துக்குள் சுக்காகிவிட்டது. காக்கை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தண்டோரா சத்தம் கேட்டது. தேர்தல் சமாச்சாரமாக இருக்கும் என்று நான் எழுந்திருக்கவில்லை. தேர்தல் இல்லை. எங்கள் மீனவர் சங்கத்துச் சமாச்சாரம்.

சங்கத்தில் இருப்பவர்கள் வீட்டுக் குழந்தைகளை டாக்டர் ஹேமசபேசன் இனாமாகப் பார்ப்பது போன வருஷம் ஆரம்பித்தது. அவர் சிதம்பரத்துக்காரர். திங்கள், புதன், வெள்ளி காலை பாசஞ்சரில் வந்து, திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் பக்கத்தில் சங்கம் பிடித்துக் கொடுத்திருக்கிற அறையில் மத்தியானம் வரைக்கும் உட்காருவார். ஐந்து வயசு வரைக்கும்தான் என்று அப்போது சொல்லிவிட்டார்கள். என் தம்பி குப்பனுக்கு அப்போதே ஆறு. அவனோடு விளையாடுகிற சின்னதுகள் எல்லாம் சளி என்றால் டாக்டரிடம், கண்ணில் பூளை என்றால் டாக்டரிடம் என்று போய் வரும். ஒவ்வொன்றையும் அவர் பேர் சொல்லிக் கூப்பிடுவாராம். மூச்சிழுப்பு இருப்பது எங்கள் வீட்டில். டாக்டர் இல்லாததும் எங்கள் வீட்டுக்குத்தான்.

இனிமேல் பன்னிரண்டு வயசு வரைக்கும் பார்ப்பாராம்.

அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தண்டோராக்காரரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். "காசா பணமா, சொல்றேன்க்கா" என்று அவரும் சொன்னார். அம்மா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

20 ஜனவரி

மார்க்கெட்டில் அம்மாவின் குரல் இன்று எல்லாரையும்விடப் பெரிதாக இருந்தது என்று பக்கத்து வீட்டுப் பூவம்மாள் அத்தை சொல்லிச் சிரித்தாள்.

22 ஜனவரி, ஞாயிறு

இந்த டைரி ஐஸ் கம்பெனிக்காரர் அப்பாவுக்குக் கொடுத்தது. அப்பாவுக்கு எதற்கு டைரி, என்னிடம் போட்டுவிட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். எழுத்து மறந்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். கடைக்குப் போனால்கூட வேறு யாராவது உப்பு கேட்கிற வரைக்கும் நின்றுவிட்டு, எனக்கும் என்பதுபோல் கையைக் காட்டுவேன். ஊமைச்சி என்று பெண்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

24 ஜனவரி, செவ்வாய்

விடியற்காலையில் குப்பனுக்கு இழுப்பு. பனி இறங்கினாலே வந்துவிடும். உட்கார்ந்தபடி இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, கழுத்தெலும்பு குழி விழ விழ மூச்சை இழுப்பான். பேச மாட்டான். அழக்கூட மாட்டான், அழுவதற்கு மூச்சு வேண்டுமே. முதுகைத் தடவிக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. வெயில் வந்ததும் அடங்கியது.

நாளைக்குப் புதன்கிழமை. டாக்டர் வருகிற நாள். அம்மா அவனுடைய சிவப்புச் சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

25 ஜனவரி, புதன்

போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டோம். டாக்டரைப் பார்க்கவில்லை.

வாசலில் கம்பவுண்டர் கோவிந்தசாமி மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். பேர் கேட்டார். குப்பன் என்றாள் அம்மா. அப்புறம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"உன் புள்ளதானேம்மா?"

அம்மா உடனே, "இல்லீங்க. பக்கத்து வூட்டுப் பூவம்மா புள்ள" என்றாள்.

பூவம்மாள் புருஷன் சங்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, அவர் நெல்லிக்குப்பம் சர்க்கரை மில்லில் மூட்டை தூக்குகிறார். அப்படியானால் இங்கே பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்றவர்களைக் கூப்பிட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை. வேறு என்ன செய்வார்?

கெடிலம் பாலம் வரைக்கும் அம்மா விடுவிடென்று நடந்தாள். குப்பன், "டாக்டரு இல்லியா அத்தே?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

அவன் அம்மாவை அத்தை என்றுதான் கூப்பிடுவான். பூவம்மாளைத்தான் அம்மா என்பான். எனக்கும் அவனுக்கும் நடுவில் மூன்று தம்பிகள் பிறந்து, ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். குப்பன் பிறந்ததும் அவனைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டார்கள். பூவம்மாள் அவனை முறத்தில் எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு படி தவிடு கொடுத்தாள். அதோடு அவன் விற்ற பிள்ளை. மூக்கும் குத்தியாயிற்று. வளர்வது எங்கள் வீட்டில், சாப்பிடுவது அம்மா கையில். ஆனால் அம்மா ஒரு நாளும், யாரிடமும், அவனை என் பிள்ளை என்று சொன்னதில்லை. இந்தப் பெண்பிள்ளைக்கு ஆண் குழந்தை இல்லை, குப்பையில் கிடந்த ஒன்றுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எமன் நினைத்துக்கொண்டு போக வேண்டும். அதுதான் கணக்கு.

குப்பத்தில் இது எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். கம்பவுண்டர் டவுன்காரர். கேட்டுவிட்டார்.

26 ஜனவரி

அப்பாவுக்குக் கோபம். பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றிவிட்டுப் பிள்ளைகள் மிட்டாயோடு வருகிற நேரம், வாசலிலேயே சத்தம் போட்டார். வாயால் ஒரு வார்த்தை சொன்னால் என்ன, செத்தா போய்விடுவான் என்று.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "மூணு பேரையும் எம்புள்ள எம்புள்ளன்னு வாய் நெறையத்தான் சொன்னேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போய்விட்டார்.

யார் சொல்வது சரி? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் நான் எங்கே சொல்லப்போகிறேன்.

6 பிப்ரவரி, திங்கள்

இன்று என்ன நடந்தது என்று முதலிலிருந்து எழுதுகிறேன்.

அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். அப்பா கடலில். குப்பன் கருவாட்டுச் சாக்கு அடுக்கியிருக்கிற கொட்டகையில் ஒளிந்து விளையாடியிருக்கிறான். அங்கிருந்து வந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இதுவரை பார்த்த இழுப்பு மாதிரி இல்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல ஆகிவிட்டது. என்னைப் பார்க்கிறான், பார்க்கிறான் — நான் என்ன செய்வேன்? தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். ரோட்டில் ஜட்கா வண்டிக்காரர் அவனைப் பார்த்தே நிறுத்திவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கம்பவுண்டர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். யார் பிள்ளை என்று கேட்கத்தான் வாயெடுத்தார். நான் குப்பன் முகத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். உள்ளே இருந்து டாக்டர் எழுந்து வந்து குப்பனை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். தோலுக்கடியில் ஒரு ஊசி. கொஞ்ச நேரம் — எவ்வளவு என்று தெரியவில்லை — அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தோள் இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது. "அக்கா, தண்ணி" என்றான்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் ஒல்லியாக, காதோரம் நரைத்து, மெதுவாகப் பேசுகிறவர். எவ்வளவு நாளாக இப்படி, எப்போது வரும், எங்கே படுப்பான் என்று கேட்டார். எனக்கே தெரியாமல் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பனி, கருவாட்டுக் கொட்டகை, பிறந்த கதை, குப்பைமேடு, தவிடு, அம்மா ஏன் அன்றைக்குப் பொய் சொன்னாள் — எல்லாம். ஒரு வருஷத்துப் பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டேன். அவன் என் கூடப்பிறந்த தம்பி, எங்கள் அம்மா பெற்ற பிள்ளைதான் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் சொன்னார்: "இழுப்பு வந்தப்புறம் தூக்கிட்டு ஓடியாந்தா நான் ஊசிதான் போட முடியும். இழுப்பு இல்லாதப்ப நான் இவனப் பாக்கணும்மா. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா. நெஞ்சு எப்படி இருக்குன்னு எனக்குப் பழகணும். கருவாட்டுச் சாக்கு கிட்ட விடாதீங்க. இவன யார் புள்ளன்னு இனிமே யாரும் கேக்க மாட்டாங்க. கூட்டிட்டு வா."

மார்க்கெட்டுக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கூடப்பிறந்தவன் என்று சொன்னதையும் சொன்னேன்.

அம்மா நின்றுவிட்டாள். "யார் யார் காதுல வுழுந்துச்சு?"

டாக்டர், கம்பவுண்டர், பெஞ்சில் இருந்த பொம்பளைகள்.

"அந்த எடத்துக்கு இனிமே அவன் போவக் கூடாது" என்றாள்.

7 பிப்ரவரி

அவன் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்த இடம். அந்த இடத்துக்கே போகக் கூடாதாம். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் என்னைத் திட்டியிருந்தாலாவது சொல்லியிருப்பேன். திட்டவில்லை. என் தட்டில் பெரிய துண்டு மீனாகப் போட்டாள்.

13 பிப்ரவரி

இன்று அழைத்துப்போகலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

கருவாட்டுச் சாக்குகளை மட்டும் அவளே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்த் தூரக் கொட்டகையில் போட்டாள். டாக்டர் பேச்சைக் கேட்கக் கூடாது என்று இல்லை, பாவம். அந்த அறையைக் கண்டுதான் பயம்.

24 பிப்ரவரி, வெள்ளி

மாசி மகம். ஊர் ஊராகச் சாமிகள் கடற்கரைக்கு வந்தன. மணல் தெரியாத கூட்டம். குப்பன் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தான். புழுதியில் கொஞ்சம் இழுத்தது, நிற்க நிற்க அடங்கிவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சாமி எங்கள் பக்கம் வந்தபோது எல்லாரும் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

27 பிப்ரவரி, திங்கள்

பூவம்மாள் அத்தைக்கும் அம்மாவுக்கும் சண்டை. சண்டையில்தான் ஒரு வழி பிறந்திருக்கிறது. சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

அத்தை குழாயடியிலிருந்து நேராக வந்தாள். "நீ வித்த, நான் வாங்குனேன். அப்ப நாந்தானே தாயி? எம்புள்ளய நான் டாக்டருகிட்ட கூட்டிப்போறேன், நீ யாருடி தடுக்க" என்றாள். அம்மா அசையவில்லை. அந்த இடத்தில் சொல் விழுந்துவிட்டது, சொன்னவள் சொந்த அக்கா, அங்கே அவன் காலை வைத்தால் சொல் ஒட்டிக்கொள்ளும் என்றாள்.

"அப்ப உம்புள்ளய நீயே வாங்கிக்க. தவிட்டத் திருப்பிக் குடுத்துடறேன்."

"எனக்கு வேணாம்."

"எனக்கும் வேணாம். யாருக்கு வேணும்? அந்த டாக்டருக்கே வித்துடட்டுமா?"

அத்தை நக்கலாகத்தான் கேட்டாள். நான்கூடச் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அரிவாள்மணையிலிருந்து எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வாங்கிக்குவாரா?" என்றாள்.

அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அம்மா யோசித்து யோசித்துச் சொன்னாள். கைமாறிவிட்டால் பழைய சொல் அவனைத் தொடாது. டாக்டர் பிள்ளையை டாக்டர் பார்ப்பார், எமன் என்ன கேட்க முடியும்? ஆனால் மார்க்கெட் அறையில் வைத்து வேண்டாம். அவர் வீட்டில், அவர் சம்சாரம் முறத்தில் வாங்க வேண்டும், தவிடு அவர்கள் வீட்டுத் தவிடாக இருக்க வேண்டும்.

அப்புறம் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீதானே அவருகிட்ட அம்மாம் பேசுன. நீயே போய்க் கேளு" என்றாள் அம்மா.

1 மார்ச், புதன்

பெஞ்சில் எல்லாரும் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கம்பவுண்டர் சன்னலைச் சாத்த ஆரம்பித்துவிட்டார். வீட்டிலிருந்து ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன், வணக்கத்தில் ஆரம்பித்து. வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்:

"எங்க குப்பன நீங்க வாங்கிக்கிறீங்களா?"

கம்பவுண்டர், "என்னா வெல சொல்ற?" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டே முழுவதும் கேட்டார். வீட்டுக்கு வர வேண்டும், அவர் சம்சாரம் வாங்க வேண்டும் என்றதும் சுருட்டியதை மேஜையில் வைத்தார்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்மா."

அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவளா நான். அவருடையது கோயில் வீதி வீடு. நாங்கள் மீன்காரர்கள்.

3 மார்ச்

அம்மா கேட்கிறாள். டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

6 மார்ச், திங்கள்

வரச் சொல்லிவிட்டார்! வருகிற ஞாயிற்றுக்கிழமை. கம்பவுண்டரே தெருவில் என்னைப் பார்த்துக் கூப்பிட்டுச் சொன்னார். "ஐயா வூட்ல மாடு இருக்கு, தவிடு இருக்காம். மொறம் மட்டும் நீங்க கொண்டாரணுமாம்."

12 மார்ச், ஞாயிறு

சிதம்பரம் போய் வந்தோம். அம்மா, அத்தை, குப்பன், நான். அப்பா வரவில்லை, ஆனால் ஸ்டேஷன் வரைக்கும் முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு ஆம்பிளை முறத்தோடு நடப்பதைப் பார்த்து மச்சான் முறைக்காரர்கள் எல்லாம் கேலி. "புது வியாபாரமா மாமா?" என்றார்கள். அவர் ஆமாம் என்று நடந்தார்.

ரயிலில் குப்பன் சன்னலோரம். பரங்கிப்பேட்டை தாண்டியதும் கோபுரம் தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டு எல்லாரையும் எழுப்பிவிட்டான்.

கீழவீதியில் நீளமான வீடு. எங்களைக் கொல்லைப் பக்கமாக வரச் சொன்னார்கள். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அந்தச் சந்தில் நடக்கும்போது என் கால் கொஞ்சம் பின்வாங்கியது. அம்மா முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

டாக்டர் வீட்டில் சட்டை இல்லாமல் வேறு ஆள் மாதிரி இருந்தார். அவர் சம்சாரம் பேர் ராஜாம்பாள். சிவப்பாக, பெரிய மூக்குத்தி போட்டு, சிரிக்காத முகம். வாசற்படியில் அவர்களுடைய சின்னப் பெண்கள் இரண்டும் நின்று எட்டிப் பார்த்தன. ராஜாம்பாள் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தவிடு கொண்டுவந்து வைத்தார்.

குப்பைமேட்டில் பிள்ளையைப் போட வேண்டும் என்றாள் அம்மா. எருக்குழி ஓரம் இடம் காட்டினார்கள். முறத்தைக் கீழே வைத்து, அதில் உட்காரச் சொன்னால், ஏழு வயசுப் பையன் எங்கே அடங்குவான்? காலிரண்டும் வெளியே. அத்தை ஒரு பக்கம் தூக்கினாள், நான் ஒரு பக்கம். முறம் வளைந்து முனகியது. அந்தப் பெண்கள் இரண்டும் சிரித்துவிட்டன. குப்பனும் சிரித்தான். ராஜாம்பாள் உதட்டை மடித்துக்கொண்டு அடக்கியது எனக்குத் தெரிந்தது.

அத்தை சொன்னாள்: "தவிட்டுக்கு வாங்குன புள்ள. தவிட்டுக்கே உங்களுக்குக் குடுத்துட்டேன். இனிமே எனக்கு அவன் மேல பாத்தியம் கெடையாது." சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. ஏழு வருஷம் அம்மா என்று கூப்பிட்டிருக்கிறானே.

ராஜாம்பாள் உடனே கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், டாக்டரைப் பார்க்கவில்லை. இந்த இடத்தில் இந்த அம்மாள் மாட்டேன் என்றால் எல்லாம் போயிற்று. கருவாட்டுச் சாக்கை எத்தனை தூரத்தில் வைத்து என்ன பிரயோஜனம்?

"நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டார். சொல்லத் தெரியாமல்தான் நின்றிருக்கிறார்.

"வாங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க" என்றேன் நான். நானேதான்.

"வாங்கிக்கிட்டேன்" என்றார். குனிந்து அவன் கையைப் பிடித்து முறத்திலிருந்து எழுப்பினார். தவிட்டை அத்தை மடியில் கொட்டினார்.

அப்புறம் நடந்ததுதான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. எங்கள் மூவருக்கும் கொல்லையில் கிணற்றடிப் பக்கம் இலை போட்டுப் புளியோதரை வைத்தார்கள். குப்பனும் எங்களோடு உட்காரப் போனான். ராஜாம்பாள், "அவன் எங்க வீட்டுப் புள்ளயாச்சே. அவன் ஏன் வெளில உக்காரணும்?" என்று உள்ளே அழைத்துப் போய்விட்டார். கூடத்தில் அந்தப் பெண்களோடு மணையில் உட்கார வைத்தார். கதவு திறந்திருந்தது. எங்களுக்கு அவன் முதுகு தெரிந்தது. தயிர் சாதத்தைப் பிசைந்து பிசைந்து மீனைத் தேடிக்கொண்டிருந்தான்.

அவன் உள்ளே, அவனைப் பெற்றவள் வெளியே. அம்மா முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நல்ல இடத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்கள் மாதிரி இருந்தாள். நான்தான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். கோபமா, சந்தோஷமா — இரண்டும் ஒரே இலையில் இருந்தால் எதை முதலில் சாப்பிடுவது?

கிளம்பும்போது டாக்டர், "நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். அம்மா சரி என்றாள். அவ்வளவு சுலபமாக.

13 மார்ச், திங்கள்

போனோம். வாசலில் கம்பவுண்டர் வேண்டுமென்றே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "யாரு புள்ள?" என்றார்.

அம்மா, பெஞ்சு முழுவதும் கேட்கிற மாதிரி, மீன் கூவுகிற குரலில், "டாக்டரு புள்ள" என்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே இருந்து டாக்டர், "ஆமாம், அனுப்பு" என்றார்.

நெஞ்சில் குழாய் வைத்து வெகு நேரம் கேட்டார். இழுப்பு இல்லாத நெஞ்சு. எந்த நேரத்தில் எந்த மாத்திரை, ஆரம்பிக்கும்போதே எப்படி உட்கார வைக்க வேண்டும், என்ன புகை ஆகாது என்று அம்மாவுக்கே சொல்லிக்கொடுத்தார். அம்மா திருப்பிச் சொல்லிக் காட்டினாள். ஒன்றுகூட மறக்கவில்லை.

28 மார்ச்

பதினைந்து நாளும் மாத்திரை. ஒரு தடவை லேசாக வந்தது, அம்மாவே அடக்கிவிட்டாள். அப்பாவைக்கூட எழுப்பவில்லை.

3 ஏப்ரல், திங்கள்

நாங்கள் ஒரு வீடுதான் என்று நினைத்திருந்தேன். குப்பத்தில் விற்ற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன போலிருக்கிறது. அந்தத் தாய்மார்கள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். சிலர் வரவே இல்லை. இப்போது எல்லாரும் அம்மாவிடம் வந்து, டாக்டர் சம்சாரம் தங்கள் பிள்ளையையும் வாங்கிக்கொள்வாரா என்று கேட்கிறார்கள்.

போய்ச் சொல்ல வேண்டியது நான்தானே. சொன்னேன். டாக்டர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "அம்மாடி, எங்க வீட்ல ஒரு மாடுதான் இருக்கு. அவ்வளவு தவிட்டுக்கு நான் எங்க போவேன்?" இந்தத் தடவை நானும் சிரித்துவிட்டேன். ஆனால் சங்கத் தலைவர் நடனசபாபதியைப் பார்க்க அன்றைக்கே ஆள் அனுப்பினார்.

10 ஏப்ரல்

சங்கக் கூட்டத்தில் பெரிய பேச்சாம். அப்பா வந்து சொன்னார். யார் பிள்ளை என்று கேட்காவிட்டால் சங்கத்தில் இல்லாதவர்கள், வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்துவிடுவார்கள், நம் பிள்ளைகளுக்கு மருந்து இருக்காது என்று நடனசபாபதி சொன்னாராம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதென்று சிலர். அப்பா எழுந்து, அவர் கூட்டத்தில் பேசியதே கிடையாது, "வந்தா வரட்டுமே. புள்ளைங்கதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். நாங்கள் ஊமைக் குடும்பம். அதோடு அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்றாம்.

14 ஏப்ரல், வெள்ளி

வருஷப் பிறப்பு. இன்றிலிருந்து யார் பிள்ளை என்று கேட்பதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் யாரோ அவர்கள் பொறுப்பு, பிள்ளையின் பேர் மட்டும் போதும். பூவம்மாள் அத்தை தன் நாத்தனார் மகளைத் திட்டக்குடியிலிருந்தே வரவழைத்துவிட்டாள், காதில் சீழ் என்று.

24 மே

கம்பவுண்டர், திங்கள் புதன் வெள்ளி வந்து பிள்ளைகளைப் பேர் சொல்லி உள்ளே அனுப்ப முடியுமா என்று என்னைக் கேட்டார். பெண்கள் அவரிடம் சொல்லாததை என்னிடம் சொல்கிறார்களாம். நான் திரும்பிக் கேள்வி கேட்க மாட்டேன் அல்லவா, அதனால் இருக்கும். சங்கம் ஏதோ கொடுக்கும் என்றார். அம்மா போ என்றாள். முதல் நாள் என் குரல் பெஞ்சு வரைக்கும் எட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் சத்தமா, மீன் விக்கிற வூட்டுப் பொண்ணுதானே" என்றார் கம்பவுண்டர்.

2 ஆகஸ்ட்

குப்பன் இன்று கட்டுமரத்தைத் தொட்டுத் திரும்புகிற வரைக்கும் நீந்தினான். அம்மா கரையில் நின்று திட்டித் தீர்த்தாள்.

19 அக்டோபர்

பூவம்மாள் அத்தையை அவன் இன்னும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். எனக்குப் பாத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டேனே, அப்படிக் கூப்பிடாதே என்று அத்தை சொல்லிப் பார்த்தாள். அவன், "இருக்கட்டும்" என்றுவிட்டான்.

18 டிசம்பர், திங்கள்

இரண்டு நாளாக மழை, ஊதக்காற்று. யாரும் கடலுக்குப் போகவில்லை. குப்பனுக்குச் சளி, கொஞ்சம் இருமல், இழுப்பு இல்லை. அம்மா டாக்டரிடம் காட்டிவிட்டு, வருகிற வழியில் பச்சை மிளகாயும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கி வந்தாள். நான் இன்று டாக்டர் அறைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்திருந்தேன், முடி காயவே இல்லை.